பாகூருக்குப் போன உப்புத்தண்ணீர்

உப்புத்தண்ணீரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அவ்வளவு பெரிய வங்காள விரிகுடாவைத் தாண்டிக் கொண்டுபோன மனுஷி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சுங்க அதிகாரி ஒரு குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்து, "இது என்னம்மா?" என்றார். "உப்புத்தண்ணீர்" என்றேன். "எதுக்கு?" "மூக்குக்கு." அவர் என் மூக்கைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், போ என்று கையைக் காட்டிவிட்டார்.

நான் வேலை பார்ப்பது மலேசியாவில், கிள்ளானில், ஒரு சின்ன பிளாஸ்டிக் தொழிற்சாலையில். மூக்கில் மருந்து பீய்ச்சும் ஸ்பிரேயின் முனை இருக்கிறதே, அதுதான் எங்கள் பிழைப்பு. மூக்கு வழியாகப் போடும் தடுப்பு மருந்துக்காக உலகத்தில் பல ஆராய்ச்சிக்கூடங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு கிருமிக்கு ஒரு ஊசி என்றில்லாமல், சளி, ஃபுளூ, கொரோனா, நிமோனியா என்று மூக்கில் நுழைந்து நெஞ்சுக்கு இறங்கப் பார்க்கும் எதையும் வாசலிலேயே மடக்குகிற ஒரே மருந்து. எலிகள் வரைக்கும் வந்திருக்கிறதாம். மனுஷருக்கு எப்போது வரும் என்று சொல்வாரில்லை. ஆனால் எங்கள் முதலாளி வீடு கட்டுவதற்கு முன்பே சாவி செய்து வைக்கிற ஆள். மருந்து வருகிறபோது வரட்டும், முனை நம்முடையதாக இருக்க வேண்டும் என்றார்.

ஆகவே சோதனை. கிராமத்து மக்கள் அந்த முனையைத் தாங்களாகவே மூக்கில் வைத்து அழுத்த முடிகிறதா, அழுத்தியதும் தும்மிவிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தும்மினால் மருந்து வெளியே, முதலாளி தலையில் துண்டு. மருந்து இல்லாததால் உள்ளே உப்புத்தண்ணீர். புதுச்சேரியில் பாகூர் பக்கம் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு ஆட்களைச் சேர்த்துக்கொடுக்க ஒப்புக்கொண்டது. "உனக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று என்னை அனுப்பினார்கள். எனக்குச் சளியே பிடிக்காது என்பதும் ஒரு தகுதி. அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

திங்கட்கிழமை காலை வில்லியனூரில் இறங்கினேன். ஒரு கடையில் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டதும் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். நாங்கள் கிள்ளானில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். அவருக்கு அது ஏதோ புராண காலத்துப் பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். இட்லியும் வடகறியும் வந்தன. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனாலும் அந்த வடகறிக்கு இரண்டாம் முறை கையை நீட்டினேன். கோப்பி மட்டும் சரியில்லை. ஒரு வாய்க்குள் தீர்ந்துபோகிற டம்ளரில் கொடுத்தால் மனுஷன் எதைக் குடிப்பது?

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தவளக்குப்பம் சந்திப்பில், கடலூர் சாலையின் நட்டநடுவில், ஆட்டோ பொசுக்கென்று உயிரை விட்டது. நாலாபக்கமும் ஹாரன். பெட்டியும் கையுமாக நான் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நெல் அறுப்பு மிஷின் ஊர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றது. மேலேயிருந்து ஒருவர், "மேடம், நீங்க மூக்கு மேடம் தானே?" என்று கத்தினார்.

அவர்தான் ஏழுமலை. பாகூர் பக்கம் சோரியாங்குப்பத்தில் நான் தங்கப்போகிற வீட்டுக்காரர். மிஷினை வாடகைக்கு ஓட்டுகிறவர். முந்தின நாள் அறுப்பை முடித்து வீட்டுக்குத் திரும்புகிறவர், வழியில் என்னைப் பார்த்தால் அள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். பெட்டி நெல் கொட்டும் தொட்டிக்குள் போனது. நான் அவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைப் பிடித்து நின்றேன். எங்களுக்குப் பின்னால் கடலூர் போகிற பஸ்ஸெல்லாம் வரிசையாக அழுதுகொண்டு வந்தன. வழியில் தமிழ்நாடு வந்தது, போனது, மறுபடி புதுச்சேரி வந்தது. ஒவ்வொரு வரவேற்புப் பலகைக்கும் நான் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தேன்.

"அத்த உள்ள வை மேடம்" என்றார் ஏழுமலை. "எங்க ஆடு மாடெல்லாம் ஒரு நாளிக்கு எத்தினி தபா பார்டர் தாண்டுது தெரிமா? அதுங்க இன்னா பாஸ்போர்ட்டா வச்சினுகீது?"

சொல்லி முடித்து ஒரு தும்மல் தும்மினார் பாருங்கள், மிஷின் சத்தமே ஒரு நொடி நின்றுபோனதுபோல் இருந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் கீழே இறங்கிவிட்டார். ஏழுமலை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுதான் மேடம் வரும், பயப்படாத. எங்கப்பனுக்கும் ஒண்ணுதான்" என்றார்.

அந்த ஒன்றுதான் அந்த வீட்டின் துக்கமே என்று மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது. ஏழுமலையின் மனைவி செல்வி வாழையிலையில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கதையை ஆரம்பித்தார். மகள் கௌசல்யாவுக்குத் திருக்கனூரில் விதை, உரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை. பையன் பெயர் தினேஷ். இருவரும் கல்லூரியிலேயே பார்த்துப் பிடித்துப்போனவர்கள். இரண்டு வீடும் சம்மதித்தாயிற்று. ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் பையனின் பெரியப்பா, அவருக்குச் சகுனம் முக்கியம். அந்தப் பக்கத்தில் நல்ல காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் ஆகாது. இரட்டைத் தும்மல் விழுந்தால் நல்லது.

"மொதோ தபா தட்ட மாத்தத் தூக்குனாங்கோ. இந்த மனுசன் தும்முனாரு. ஒண்ணு. அந்தப் பெரியப்பா தட்ட கீழ வச்சிட்டு எழுந்து போயிட்டாரு" என்றார் செல்வி. "ரெண்டாவது தபாவும் அதே கத. வர்ற வெள்ளிக்கெழம மூணாவது. இதுவும் நின்னுச்சின்னா வேற எடம் பாத்துக்கறோம்னு சொல்லிட்டாரு."

"இன்னொரு தும்மல் சேர்த்துத் தும்ம வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன்.

ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வருத்தம். "ரெண்டாவது வர மாட்டுது மேடம். நானும் முக்கிப் பாக்காத நாளில்ல."

சோதனைக்குத் தன் வீட்டு முற்றத்தைக் கொடுக்க அவர் ஏன் அத்தனை ஆவலாக முன்வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டு மருந்து மூக்குக்கு வருகிறது, அதில் தன் தும்மல் நின்றுவிடும் என்று மனுஷர் நம்பிக்கொண்டிருந்தார். "அண்ணே, இது வெறும் உப்புத்தண்ணீர். மருந்து வந்தாலும் அது கிருமிக்குத்தான், நெல் தூசிக்கு இல்லை" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "ஃபாரின்லேர்ந்து உப்புத்தண்ணிய ஃபிளைட்ல எடுத்துனு வருவாங்களா? யாருகிட்ட கத வுடற?"

செவ்வாய்க்கிழமை முற்றத்தில் கூட்டம். ஆட்களைச் சேர்த்தவள் கௌசல்யாதான். பார்மசி படித்துவிட்டு அந்தத் தொண்டு அமைப்பில் வேலை செய்கிறாள். வந்தவர்களிடம் ஒவ்வொருவராக, இது மருந்தில்லை, உப்புத்தண்ணீர், பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். பாதிப் பேர் டீயும் குடித்தார்கள், ஸ்பிரேயும் கேட்டார்கள்.

நான் ஊரிலிருந்து பழகிக்கொண்டு வந்த மாதிரி, குப்பியை நேராகப் பிடித்து, தலையை லேசாகக் குனிந்து, மூக்கில் வைத்து அழுத்திக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த கன்னியம்மா என்கிற பக்கத்து வீட்டு அம்மாள் எழுந்து, "அய்ய, இன்னா மேடம் இப்டி போடற, தப்பு தப்பு" என்றார். அவர் வீட்டில் கோழிகள் உண்டு. அந்தப் பக்கத்தில் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் குஞ்சிலேயே மூக்கில் தடுப்பு மருந்து சொட்டு விடுவார்கள். மூக்குக்குத் தடுப்பு மருந்து என்பது உலகத்துக்கு வேண்டுமானால் புதுசு, கன்னியம்மாவுக்குப் பழைய சமாச்சாரம்.

தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். பாவம் அந்த மனுஷர், டீயைக் கீழே வைப்பதற்குள் அவர் தலை கன்னியம்மாவின் கக்கத்துக்குள் போயிருந்தது. தாடையை ஒரு கையால் அண்ணாத்திப் பிடித்து, ஒரே ஒரு மூக்கில் பீய்ச்சி, மற்ற மூக்கைக் கட்டைவிரலால் அடைத்து, "முழுங்கு, முழுங்கு" என்று அதட்டினார். அவர் கண் பிதுங்க விழுங்கினார். "பாத்தியா, தொண்ட ஏறி எறங்குது. உள்ள பூட்சின்னு அர்த்தம். இப்ப வுட்டுரலாம்" என்று முதுகில் தட்டி அவிழ்த்துவிட்டார். அவர் தள்ளாடிப் போய் வேலியோரம் நின்றார்.

அவ்வளவுதான், என் செயல்முறை விளக்கம் காற்றில் போனது. பெண்கள் கணவன்மாரைப் பிடித்தார்கள். ஒரு நாத்தனார் அண்ணியைப் பிடித்தாள். ஒருவர் தன்னையே கக்கத்தில் அடக்கிக்கொள்ள முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். "தாங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டும்" என்று நான் கத்தினது யார் காதிலும் ஏறவில்லை. தலையை அப்படி அண்ணாத்தினால் தண்ணீர் நேரே நெற்றிக்கு ஏறாதா? ஒருவர் தும்ம, அடுத்தவர் தும்ம, முற்றமே தும்மியது. நான் நடுவில் நின்று அத்தனை பேர் தும்மலையும் முகத்தில் வாங்கிக்கொண்டேன். கௌசல்யா சிரித்துச் சிரித்துக் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அவருதான் அக்கா" என்றாள். "ஓடிப்போயிக் கல்யாணம் பண்ணிக்கலாம், அவரும் அதுக்கு ரெடி. நான்தான் வேணாம்னேன். தன்னாலதான் பொண்ணு கல்யாணம் நின்னுச்சின்னு எங்கப்பா காலத்துக்கும் தும்முறப்பல்லாம் அழுவாரு. அத்த என்னால பாக்க முடியாது."

மிச்சக் குப்பிகளை நானே அடுக்கி முடித்தேன். தொண்டை கொஞ்சம் கரகரத்தது. ஆனால் எனக்குத்தான் சளியே பிடிக்காதே.

புதன்கிழமை ஏழுமலை ஒரு திட்டத்தோடு வந்தார். சோதனைக்கு என்று சொல்லித் திருக்கனூர் போய் அந்தப் பெரியப்பா மூக்கில் நான் ஸ்பிரே அடிக்க வேண்டுமாம். "அவரும் நாலு பேரு முன்னால ஒத்தையா தும்மட்டும். அப்பால என்னைய எப்டி கொற சொல்லுவாரு?" என்றார். இதற்கெல்லாம் நான் ஆளில்லை, முறையாகக் கேட்டு, சரி என்றால்தான் போடுவேன் என்று சொன்னேன். இருந்தாலும் போனேன். அந்த மனுஷரைப் பார்க்க எனக்கே ஆத்திரமாக இருந்தது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் மூட்டை, மடியில் யாருடையதோ குழந்தை. எங்கள் ஊர் பஸ்ஸில் குளிர்சாதனம் உண்டு, யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே இறங்குவதற்குள் எனக்கு எத்தனை பிள்ளைகள், ஏன் இல்லை, அதற்கு எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் தீர்மானமாகிவிட்டது. குழந்தை என் முகத்துக்கு நேராக இரண்டு முறை தும்மியது. "ரெட்ட! போற காரியம் ஜெயம்" என்று பஸ்ஸே மகிழ்ந்தது.

பெரியப்பா கடையில் உர மூட்டைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கையில் வெள்ளி மூக்குப்பொடி டப்பா. நான் எதிர்பார்த்தபடி கடுகடுவென்று இல்லை. சோடா வரவழைத்தார், நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். "அப்ப ஒரே மருந்து, எல்லா சளிக்கும்?" "ஆமாங்கய்யா, வந்தால்." "எலிக்கு மட்டும் இப்பவே இருக்குது?" "ஆமாம்." "எலிக்கு இன்னா அவ்ளோ அவசரம்?" என்று கேட்டுவிட்டு ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சினார்.

ஸ்பிரேயை நீட்டினேன். தள்ளிவிட்டார். "பொடிக்குன்னு வச்சிருக்கற மூக்குமா இது. இதுல தண்ணி வுட மாட்டேன். இந்த மூக்கு தும்மியே எவ்ளோ காலமாச்சு தெரியுமா? பழகிப்போச்சி."

வெள்ளிக்கிழமையைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். அவர் டப்பாவை மூடினார். "எங்க வூட்டுல இந்த நாயத்த நான்தான் இத்தினி வருசமா சொல்லிகினு வரேன். எத்தினியோ பேரு தட்ட எறக்கி வச்சிருக்கேன். சொந்தத் தம்பி புள்ளைக்கின்னா மட்டும் எப்டிமா மாத்துவேன்? ஊரு சிரிக்காது?" அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. நான் சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வியாழக்கிழமை என் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. தூசி என்றேன். செல்வி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நண்டை இடித்து மிளகு போட்டு ரசம் வைத்துக் கொடுத்தார். "உன் மருந்து வர்றப்ப வரட்டும். அது வர்ற வரிக்கும் இத்த குடி." குடித்தேன். காது வழியாக ஆவி போனது. எல்லாச் சளிக்கும் ஒரே மருந்து என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு வந்தவள் நண்டு ரசத்தை மூன்றாவது முறையாகக் கேட்டு வாங்கிக் குடித்ததை முதலாளியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. ஏழுமலை மிஷின் பக்கமே போகாமல் இருந்தார். தலைக்குக் குளித்து, இரண்டு மூக்கிலும் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சை அடைத்துக்கொண்டார். "வாங்க சம்பந்தி" என்று அவர் மூக்கடைத்த குரலில் வரவேற்றதும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தலில் எல்லோர் கண்ணும் அவர் மூக்கின் மேல்தான். பெண்ணை யாரும் பார்க்கவில்லை. அவள் பச்சைப் பட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் வெளியூர் விருந்தாளி என்று முன்வரிசையில், பெரியப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்திருந்தார்கள்.

தட்டைத் தூக்கினார்கள். ஏழுமலை மூச்சே விடவில்லை. அவர் முகம் சிவந்தது, பஞ்சு லேசாக ஆடியது, நின்றது. தும்மல் இல்லை! செல்வி கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். பெரியப்பா தட்டை நீட்டினார்.

நான் தும்மினேன்.

சின்னத் தும்மல் என்றால்கூடப் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் சேர்த்துவைத்த முற்றத்துத் தும்மல், பஸ்ஸுத் தும்மல் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்த தும்மல் அது. தட்டிலிருந்த வெற்றிலை பறந்தது. ஒன்று. ஒன்றே ஒன்று. அடுத்தது வா வா என்று மனசுக்குள் கெஞ்சினேன், மூக்கைக் கசக்கினேன், வரவில்லை. ஐயோ, சளியே பிடிக்காது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளே, ஒரு பெண்ணின் வாழ்க்கையையே தும்மித் தள்ளிவிட்டாயே என்று எனக்கு அழுகை முட்டியது. ஏழுமலை பஞ்சுக்குள்ளிருந்து ஒரு மாதிரி முனகினார். பெரியப்பாவின் ஒரு கை வேட்டி மடிப்புக்குள் போய்விட்டு வந்து, மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டது. இன்னொரு கையில் தட்டு மெல்ல இறங்கியது.

"அச்சூ."

கௌசல்யாதான். தலை குனிந்தபடியே. தும்மலென்று அதை யாரும் சத்தியம் பண்ண முடியாது. பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதை வாசித்த மாதிரி இருந்தது.

பெரியப்பா அவளையே பார்த்தார். "இன்னாமா? ஜல்ப்பா?"

"ஆமாம் பெரியப்பா" என்றாள் அவள், நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்து. "இந்த அக்காகிட்டேர்ந்து ஒட்டிகிச்சி."

மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், தும்மினது இரண்டு வேறு ஆளாயிற்றே, அது கணக்கில் வருமா என்று ஆரம்பித்தார். பெரியப்பா அவர் பக்கம் திரும்பினார். "யாரு தும்முனா இன்னாடா? ரெண்டு சத்தம் காதுல வுழுந்துச்சா இல்லியா? ரெட்ட. மாத்துங்கப்பா தட்ட."

மேளம் அடித்தது. ஏழுமலை பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிஷின் ஓட்டுகிறவர் மாதிரியா அழுதார், குழந்தை மாதிரி அழுதார். அப்புறம் சாவகாசமாக ஒரு தும்மல் தும்மினார். யாரும் சட்டை பண்ணவில்லை.

விருந்து பலமாக இருந்தது. வடை, பாயசம், கூட்டு என்று எதையும் விடவில்லை, சளிக்காரி என்று என்னைத் தனிப்பந்தியில் உட்காரவைத்தது மட்டும்தான் குறை. சாப்பிட்டுக் கைகழுவப் போன இடத்தில் பெரியப்பா நின்றிருந்தார். மேல்துண்டெல்லாம் பொடி, மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது.

"ஐயா, அந்தப் பொண்ணு தும்மினது..." என்று நான் இழுத்தேன்.

"தெரியும்மா. எனக்கு இன்னா காது இல்லியா?" என்றார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வேட்டி மடிப்பிலிருந்து வெள்ளி டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். காலி. "நீ தும்முனதும் மொத்தத்தையும் போட்டுட்டேன்மா. இன்னொண்ணு நான் தும்மிட்டா ரெட்ட ஆயிடும்ல. எவ்ளோ முக்கியும் இந்தப் பாழாப்போன மூக்கு ஒண்ணும் குடுக்கல. நல்லவேள, அந்தப் பொண்ணுக்குத் தோணிச்சி."

அவர் துண்டை உதறிவிட்டு, குரலைத் தாழ்த்தி, கையை நீட்டினார்.

"அந்த உப்புத்தண்ணி ஒண்ணு குடு. கல்யாணத்தன்னிக்கும் ஏழுமல ஒண்ணுதான் தும்முவான்."